ரொட்டி மானியம்

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். சின்ன ர, பெரிய ற இரண்டும் இன்றைக்கும் எனக்கு இடம் மாறித்தான் உட்காரும். மகள் பார்த்துத் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் திருத்திய பிறகும் பிழை மிஞ்சியிருந்தால் அது என்னுடையது. இதே கையெழுத்தில் நான் ஒரு காலத்தில் எழுதிய மனுவைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அதனால் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

எழுபத்தேழாம் வருஷம் எனக்கு இருபது வயது. நெய்வேலியில் சுரங்கத்தை ஒட்டிய ஒரு கேன்டீனின் பின்கட்டில் காண்ட்ராக்ட் ஆளாக இருந்தேன். முன்பக்கம் பெஞ்சு, மேசை, டோக்கன் கவுண்டர் எல்லாம் உண்டு. பின்பக்கம் எங்களுடையது. நீராவி அடுப்பு, ஆள் உயர இட்லிச் சட்டி, அலுமினிய டேக்சாக்கள், சாக்கு விரித்து அதன்மேல் கொட்டிய வெங்காயம். காலை ஷிப்டுக்கு டிபன் முடிந்து மதியச் சாப்பாட்டு வேலை சூடு பிடிப்பதற்கு நடுவில் ஒரு மணி நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து வெங்காயம் உரிப்போம். மூக்கு ஒழுகும். பேச்சும் ஒழுகும்.

எனக்குப் பேச வராது. நாலு பேர் முகத்தைப் பார்த்தால் நாக்கு உள்ளே போய்விடும். ஆனால் படிக்க வரும். அதுவும் சத்தமாக, தடங்கல் இல்லாமல். கேன்டீன் மாஸ்டர் தினமும் ஒரு தமிழ்ப் பேப்பர் வாங்குவார். அவர் படித்து முடித்ததும் அது பின்கட்டுக்கு வரும், பார்சல் மடிக்க. மடிப்பதற்கு முன்னால் நான் அதை விரித்துப் பிடித்துப் படித்துக் காட்டுவேன். பேப்பர் என் முகத்தை மறைத்துவிடும். எதிரில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, அவர்களுக்கும் என் முகம் தெரியாது. அப்போது எனக்குக் குரல் வரும், நல்ல குரலாகவே வரும். வெங்காயம் உரிப்பதிலிருந்து எனக்கு விடுதலை கிடைத்தது இதனால்தான்.

வட்டத்தில் மூத்தவள் எங்கள் ஊர்க்காரி. கம்மாபுரம் பக்கத்தில், இப்போது இல்லாத ஊர். எனக்கு அத்தை முறை. புருஷன் இறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது, பிள்ளைகள் இல்லை. அவளுக்கு ஒரே ஒரு ஆசை, அது கேன்டீன் முழுக்கத் தெரியும். பர்மனென்ட் ஆக வேண்டும். சுரங்கத்துக்கு நிலம் போனவர்களுக்கு வேலையில் முன்னுரிமை உண்டு. அதற்கு ஒரு பட்டியல் இருந்தது. அதில் அத்தையின் பெயர் இல்லை.

ஏன் இல்லை என்றால், அவள் புருஷன் உழுத நிலம் மானியம். எங்கள் பக்கத்தில் மானியம் என்றால் நிலம்தான். ஊருக்கு முடி வெட்டியவருக்கு ஒரு துண்டு, கோயிலில் மேளம் வாசித்தவருக்கு ஒரு துண்டு, ஏரித் தண்ணீர் திருப்பி, சாவுச் சேதி சொல்லி, ஊர் வேலை எல்லாம் பார்த்த வெட்டிக்கு ஒரு துண்டு என்று எந்தக் காலத்திலோ விட்டது. உழுது சாப்பிடலாம், விற்க முடியாது. அத்தை வீட்டுக்கு வெட்டி மானியம். நிலம் எடுத்தபோது பட்டா வைத்திருந்தவர்கள் பட்டாவைக் காட்டினார்கள். அத்தையின் புருஷனுக்குக் காட்டுவதற்குக் கையில் மண்வெட்டிதான் இருந்தது.

அந்த வருஷம் பொங்கல் கழிந்து நாலைந்து நாள் இருக்கும். எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்த காலம். தேர்தல் வரப்போகிறது என்று பேப்பரின் முதல் பக்கம் முழுக்கப் போட்டிருந்தார்கள். ரேடியோவில் எல்லாரும் கேட்டுவிட்டதால் அதைப் படிக்க வேண்டாம் என்றார்கள். உள்பக்கம் ஒரு மூலையில் எகிப்து சேதி இருந்தது. ரொட்டி மானியம் ரத்து, விலை உயர்வு, மக்கள் கொந்தளிப்பு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததாக ஞாபகம். ஜனங்கள் தெருவில் இறங்கிவிட்டார்கள், போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின என்று கீழே இருந்தது.

படித்து முடித்ததும் அத்தை கேட்டாள், "ரொட்டியா? காய்ச்ச வந்தா துன்றமே, அதா?"

"ஆமாங்க அத்த."

"அதுக்கா தெருவுல வந்து நிக்கறாங்க? ஊருக்கே காய்ச்சலா?"

எல்லாரும் சிரித்தார்கள். பேப்பருக்குப் பின்னால் நானும் சிரித்தேன். உண்மையில் எனக்கும் புரியவில்லை. ரொட்டி எங்களுக்கு ஆஸ்பத்திரிச் சாமான். அங்கே அதுதான் சோறு என்று சொல்லித்தர யாரும் இல்லை. ஆனால் மானியம் என்ற சொல் எனக்குத் தெரியும். அதனால் தெரிந்ததை வைத்து விளக்கம் சொன்னேன்.

"நம்ம ஊர்ல வெட்டி மானியம், கோயில் மானியம்னு இருந்திச்சில்ல. அந்த மாதிரி அங்க ரொட்டி சுடறவங்களுக்கு மானியம் வுட்டிருக்காங்க. அத கவுருமெண்டு எடுத்துக்கிச்சி. நெலம் போனா ரொட்டி சுடறவன் இன்னா பண்ணுவான், வெலய ஏத்திட்டான். ஜனங்க கோவத்துல வந்துட்டாங்க."

எவ்வளவு பொருத்தமாக இருந்தது தெரியுமா. எதுவும் துருத்திக்கொண்டு நிற்கவில்லை. வட்டத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அத்தை கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"அங்கயும் நெலக்கரி எடுக்கறாங்களா?"

"அதப் போடலிங்க அத்த."

"எடுக்காமயா நெலத்தப் புடுங்குவாங்க? பாவம். அடுப்ப நம்பிப் பொழைக்கறவங்க."

உள்ளேயிருந்து மாஸ்டர் எட்டிப் பார்த்தார். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பர்மனென்ட். "எலே, மெதுவாப் படிலே. சுட்டான், செத்தான்னு இங்க கெடந்து கத்தாத. காலம் சரியில்ல பாத்துக்க," என்றார். நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

மறுநாள் அத்தையே கவுண்டர் வரைக்கும் போய்ப் பேப்பரை வாங்கிக்கொண்டு வந்தாள். "இன்னா ஆச்சின்னு பாரு மருமவனே," என்றாள். அன்றைக்கு அது ஒரு விரல் நீளச் சேதிதான். எகிப்து அரசாங்கம் உத்தரவை வாபஸ் வாங்கிவிட்டது. மானியம் பழையபடி தொடரும்.

அதை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். அப்புறம் மூன்றாவது தடவை.

"திருப்பிக் குடுத்துட்டாங்களா?"

"குடுத்துட்டாங்க."

"எடுத்த மானியத்தையா?"

"அப்டிதான் போட்டிருக்கு அத்த."

அன்றைக்கு முழுக்க வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் சங்கு ஊதிக் கிளம்பும்போது என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "நாம தெருவுல போயி நிக்க முடியாது. நின்னா உள்ள தூக்கிப் போட்ருவாங்க. ஒரு மனுவாச்சும் குடுக்கலாமில்ல. நீ எழுதிக் குடு," என்றாள்.

எனக்கு மனு எழுதிப் பழக்கமில்லை. நிலம் எடுக்கிற ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் போகலாம் அத்தை என்றேன். "அவங்களுக்கு எகிப்து சேதி தெரியுமா? நீதான படிச்ச," என்றாள்.

முந்திரி மரத்தடியில் உட்கார்ந்து, இட்லித் தட்டைக் கவிழ்த்து மடியில் வைத்து எழுதினேன். அத்தை சொல்லச்சொல்ல எழுதினேன் என்று சொல்ல முடியாது. பாதி அவளுடையது, பாதி என்னுடையது. ஐயா, என் புருஷன் இன்னார், இன்ன ஊரில் வெட்டி வேலை பார்த்தவர், ஏரிக்கு வடக்கே முந்திரித் தோப்பை ஒட்டிய மானியத்தில் மணிலாக்கடலையும் கம்பும் வைத்துச் சாப்பிட்டோம், அது சுரங்கத்துக்குப் போய்விட்டது, பட்டியலில் என் பேரைச் சேர்க்க வேண்டும். கடைசியில் ஒரு வரி. எகிப்து தேசத்தில் ரொட்டி மானியத்தை எடுத்துக்கொண்டு பிறகு மனமிரங்கித் திருப்பிக் கொடுத்தது போல், எங்கள் வெட்டி மானியத்துக்கும் ஒரு வழி செய்ய வேண்டும். இந்த வரியை எழுதும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. எகிப்துக்கு நடுவில் 'த்' வருமா வராதா என்று தெரியாமல் எகிப்த்து என்று போட்டு வைத்தேன்.

மனுவை அந்த ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்தோம். பத்து நாள் போயிருக்கும். ஒரு நாள் மாஸ்டர் டீ குடித்துக்கொண்டே எங்கள் பக்கம் வந்து நின்றார். நான் தனியாகப் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவரிடம், அந்த எகிப்து ரொட்டிக்காரர்களுக்கு எவ்வளவு நிலம் இருக்கும் சார் என்று கேட்டேன். என் வாயிலிருந்து தானாக ஒரு கேள்வி வந்ததே அவருக்கு ஆச்சரியம்.

"நெலமா? எந்த நெலம்லே?"

சொன்னேன். அவர் டீ டம்ளரை டேக்சா மூடிமேல் வைத்துவிட்டுச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. அவரால் நிறுத்த முடியவில்லை.

"எலே, மானியம்னா அது இல்லடே. நம்ம கேன்டீன்ல பர்மனென்ட் ஆளுக்குக் கொறஞ்ச வெலைக்கு இட்லி போடுதோம்லா? அரிசி, உளுந்து வெலைக்கு அது கட்டாது. மிச்சத்த மேல இருந்து குடுக்காவ. அதான் மானியம். அங்க ரொட்டிக்கு அப்படிக் குடுத்துட்டு இருந்தான். கடன் குடுக்கவன் நிப்பாட்டச் சொன்னான்னு நிப்பாட்டிட்டான். சனம் சும்மா இருக்குமா?"

இவ்வளவுதான் விஷயம். நான் தினமும் அடுக்கிய இட்லித் தட்டில் இருந்தது அந்த மானியம். காண்ட்ராக்ட் ஆட்களுக்கு அந்த விலை கிடையாது. நாங்கள் வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு போவோம். அதனால் எங்கள் யாரிடமும் அந்தச் சொல் அந்த அர்த்தத்தில் புழங்கவில்லை.

அதற்குப் பிறகு நான் பேப்பர் படிக்கவில்லை. கண் வலி என்று சொல்லிவிட்டேன். வெங்காயம் உரிக்கிறவன் கண் வலி என்றால் யார் சந்தேகப்படுவார்கள். அத்தை மட்டும், "எகிப்துல அப்பறம் ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் இல்லை என்று தலையாட்டினேன். மனுவைப் படிக்கிற அதிகாரி சிரித்துக் கிழித்துப் போடுவார், என்னால் அத்தைக்கு இருந்ததும் போயிற்று என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன்.

கத்திரி வெயிலில் ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வந்தது. நேரில் வரவும் என்று. பஸ்ஸுக்கு நின்றிருந்தோம். அத்தை நல்ல சேலை கட்டியிருந்தாள். இதற்கு மேல் மறைக்க முடியாது என்று, ரோட்டைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மானியம் என்றால் அங்கே நிலமில்லை, நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று.

ஒரு பஸ் வந்து நின்று போனது. எங்கள் பஸ்தான், நாங்கள் ஏறவில்லை.

"அப்ப அந்த ஊர்ல யாருக்கும் நெலம் போவலியா?"

"இல்லிங்க அத்த."

"நல்லதாப் போச்சி," என்றாள். நான் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் அத்தனை நாளும் அந்த ரொட்டிக்காரர்களுக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "நம்மளுது போனது போனதுதான? அத நீ தப்பாப் படிக்கலியே. வா, அடுத்த வண்டி வருது," என்றாள்.

அதிகாரி கண்ணாடி போட்டவர். மேசைமேல் மனுக்கள் ஒரு முழ உயரம் இருந்தன. எங்களுடையதைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். கடைசி வரியின் அடியில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தது.

"இத எழுதினது யாரு?"

அத்தை என்னைக் காட்டினாள். நான் தரையைப் பார்த்தேன்.

"எகிப்து வரைக்கும் போயிட்டு வந்திருக்கியேப்பா," என்றார். அறையில் இருந்த இன்னொருவர் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. "தினம் வர்ற மனு எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். மொதல் வரியப் படிச்சா கடைசி வரி தெரிஞ்சிரும். இதுல இது என்னடான்னு திரும்ப மேலேருந்து படிச்சேன். அப்பதான் வெட்டி மானியம்னு இருக்கறதப் பாத்தேன். மானியத்துக்குத் தாலுகாவுல தனிப் பதிவு இருக்கும். அதுல இவங்க வீட்டுக்காரர் பேர் இருக்கான்னு பாக்கச் சொல்றேன். எடத்தக் காட்ட ஆள் வேணும். அனுபவிச்சத நேர்ல பாத்த சாட்சியும் வேணும்."

"இவன் பாத்திருக்கான்," என்றாள் அத்தை.

பார்த்திருந்தேன். சின்ன வயதில் மணிலா பிடுங்கும் நாட்களில் அந்தத் துண்டில்தான் கிடப்போம். அத்தையின் புருஷன் செடியோடு சுட்டுக் கொடுப்பார். ஆனால் பார்த்ததைச் சொல்ல என்னால் ஆகுமா என்பது வேறு விஷயம்.

இரண்டு வாரம் கழித்து சர்வேயர் ஒருவர் நிலப் படச் சுருளோடு வந்தார். சுரங்கத்தின் விளிம்பில் நின்றோம். கீழே ஊர் கொள்ளும் அளவுக்குப் பள்ளம். சிவப்பு மண், அதற்குக் கீழே வெள்ளை, அதற்கும் கீழே கறுப்பு. அடியில் பெரிய மெஷின் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தது.

"எடத்தக் காட்டுங்கம்மா."

அத்தை கையை நீட்டினாள். பள்ளத்துக்கு நடுவில், மெஷினுக்கு மேலே, ஒன்றுமில்லாத இடத்தில் விரல் நின்றது. "அதோ, அங்கதான். அங்க ஒரு பனமரம். அதுக்குக் கெழக்க வாய்க்கா."

"ஆகாசத்துக்கெல்லாம் சர்வே நம்பர் கெடையாதும்மா."

"நெலம் இருந்தப்ப வந்திருக்கணும் நீங்க. இப்ப வந்துகினு என்னக் கேட்டா?"

சர்வேயர் படத்தை விரித்தார். காற்றில் அது படபடத்தது. நான்கு மூலைக்கும் கல் வைத்தோம். பிறகு என் பக்கம் திரும்பி, "நீதான சாட்சி? சொல்லு," என்றார்.

எனக்குக் குரல் வரவில்லை. அவர் பார்க்கிறார், உடன் வந்த அளவுச் சங்கிலிக்காரர் பார்க்கிறார், அத்தை பார்க்கிறாள். இரண்டு முறை வாயைத் திறந்து மூடினேன். "தெரியுமா தெரியாதா?" என்றார் அவர். அவருக்கு வெயில் தாங்கவில்லை. இன்னும் ஒரு நிமிஷம் விட்டால் தெரியாது என்று எழுதிக்கொண்டு போய்விடுவார் என்று எனக்குத் தெரிந்தது.

அத்தை என்னைப் பார்த்தாள். அப்புறம் பையைத் திறந்து, எங்கள் மதியச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள். புளிச்சோற்றை இலையோடு கல்மேல் வைத்துவிட்டு, மேலே சுற்றியிருந்த பேப்பரை உதறி என்னிடம் கொடுத்தாள். "படி," என்றாள்.

விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்தேன். எண்ணெய்க் கறை. என்ன சேதி என்று இன்று ஞாபகமில்லை, ஏதோ சிமென்ட் விளம்பரம். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். ஏரிக்கு வடக்கே, தோப்பை ஒட்டி, பனைமரத்துக்கு மேற்கே. ஆடியில் மணிலா போடுவார், கார்த்திகையில் பிடுங்குவார். ஓரத்தில் கம்பு. வாய்க்கால் தண்ணீரை எல்லார் நிலத்துக்கும் விட்டுவிட்டுக் கடைசியில்தான் தன் நிலத்துக்குத் திருப்புவார், அதனால் பாதி வருஷம் காய்ந்துபோகும். நான் இத்தனை வயதிலிருந்து இத்தனை வயது வரை பார்த்தேன். தடங்கல் இல்லாமல் சொன்னேன்.

முடித்துப் பேப்பரை இறக்கியபோது சர்வேயர் எழுதிக்கொண்டிருந்தார். "உங்க நெலத்தப் பேப்பர்லயே போட்டுட்டானா?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்து வாங்கினார். அத்தை புளிச்சோற்றில் அவருக்கும் சங்கிலிக்காரருக்கும் பங்கு வைத்தாள். மறுக்காமல் சாப்பிட்டார்கள்.

தாலுகாவில் பதிவு கிடைக்க ஒரு வருஷம் போல ஆனது. பட்டியலில் பேர் ஏற இன்னும் கொஞ்ச நாள். எழுபத்தொன்பது கடைசியில் அத்தைக்கு உத்தரவு வந்தது. அதே கேன்டீனில், அதே பின்கட்டில் பர்மனென்ட். நான்தான் வட்டத்தில் உட்கார்ந்து, முகத்துக்கு நேராகப் பிடித்துப் படித்தேன். மூன்று தடவை படிக்கச் சொன்னாள்.

முதல் நாள் மதியம் அவள் கையில் டோக்கன் இருந்தது. பர்மனென்ட் ஆட்களின் குறைந்த விலைச் சாப்பாட்டு டோக்கன். பின்கட்டிலிருந்து சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்து, கவுண்டரில் நீட்டி, தட்டு வாங்கினாள். அதை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்காராமல் நேராக என்னிடம் வந்தாள்.

"மருமவனே, மாஸ்டரு சொன்ன மானியம் இதானா?"

"இதாங்க அத்த."

தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சோறு, சாம்பார், ஒரு பொரியல், அப்பளம். "நாலு மூலைக்கும் வரப்பு இல்ல, மத்தபடி பரவால்ல," என்றாள். அப்பளத்தை உடைத்துப் பாதியை என்னிடம் கொடுத்தாள். நான் அப்போதும் காண்ட்ராக்ட்தான், எனக்கு பர்மனென்ட் வர இன்னும் பத்து வருஷம் ஆயிற்று. அந்தப் பத்து வருஷமும் என் பாதி அப்பளம் தவறியதில்லை.

நான் மறுபடி பேப்பர் படிக்க ஆரம்பித்தேன். எண்பதுகளில் எகிப்து என்று எங்கே வந்தாலும் அத்தை வேலையை நிறுத்திவிடுவாள். அவர்கள் ராஜாங்கம், கடன், கலவரம் எதுவும் அவளுக்கு வேண்டாம். ஒன்றுதான் கேட்பாள். "ரொட்டி வெல இன்னா?" போட்டிருந்தால் சொல்வேன். போடவில்லை என்றால் அவள் மறுபடி வெங்காயத்தை எடுத்துக்கொள்வாள். ரிட்டயர்டு ஆன பிறகும் டவுன்ஷிப்பில் பார்க்கும்போது கேட்டாள். எங்கள் இரண்டு பேருக்கும் அது நலம் விசாரிப்பு மாதிரி ஆகிவிட்டது.

அத்தை போய்ப் பல வருஷம் ஆகிறது. இந்தப் பதினைந்து இருபது நாளாக டி.வி.யில் எகிப்துதான். அதிபர் போக வேண்டும் என்று மைதானம் நிறைய ஜனங்கள். போன வாரம் ஒருவர் தட்டையான ரொட்டி ஒன்றைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ரொட்டி அவர் முகத்தைப் பாதி மறைத்திருந்தது. என்னமோ சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், நல்ல குரல். நான் எழுந்து போய் டி.வி.க்குக் கிட்டே நின்றேன். விலை என்ன என்று அவர்கள் சொல்லவில்லை. இதை எழுத மகளிடம் ஒரு நோட்டு கேட்டு வாங்கினேன்.

நெய்வேலி, 13 பிப்ரவரி 2011, ஞாயிற்றுக்கிழமை.